சேர்மன் பக்கம், எதிர்ப் பக்கம்

இரும்பு சுடுது. பேப்பர் போட்டு உக்காந்தும் சுடுது. இந்த ஃபுட்பால் கேலரியைக் கட்டின ஆளை நிக்க வெச்சிக் கேக்கணும், கட்டின ஆளு வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்காரு, எங்க நைனா. கிரில் பட்டறைக்காரர் வேற எதுல கட்டுவாரு, ஜன்னலுக்கு அடிக்கிற ஆங்கிளையும் தகட்டையும் எடுத்தாந்து படிபடியா வெல்டு வெச்சி நிறுத்திட்டாரு, மேல ஒரு கூரை போடணும்னு தோணலை. 'முதல்ல நீ மட்டும் உள்ள போ குணா'ன்னாரு. 'என்னைப் பத்தி இன்னா பேசறாங்கன்னு காதுல வாங்கினு வா. திட்டுனாங்கன்னா சத்தம் போடாம அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்.' எழுபது வயசு மனுசன், ஒரு காலத்துல இந்த கேட்டுல அவரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டா பசங்க பீடியைக் கீழ போட்டுட்டு ஓடுவானுங்க, இப்ப பொண்ணை உளவு பாக்க அனுப்பிட்டு ஆட்டோ கம்பியைப் பிடிச்சினு உக்காந்திருக்காரு. செவ்வாக்கிழமை கண்ணு டாக்டர் சொல்லிட்டாரு, போன பார்வை போனதுதாம்மா, மிச்சம் இருக்கறதும் மெல்ல மெல்லப் போயிடும், சொட்டு மருந்தை மட்டும் விடாம போடுங்கன்னு. இவரு வெளிய வந்து டீ குடிச்சாரு, பாதி கிளாஸ்ல நிறுத்தினாரு, 'கிரவுண்டுக்கு ஒரு தபா போயிட்டு வரணும்'னாரு. அவ்வளவுதான். அந்த சேத்து மேட்ச்சுக்கு அப்பறம் இந்தத் தெரு பக்கமே தலை வெச்சிப் படுக்காத ஆளு. இன்னைக்குத் திரும்பிட்டாருன்னா அவ்ளோதான், இன்னொரு தபா வாயைத் திறந்து கேக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். சுவத்தைப் பாத்துப் படுத்துப்பாரு. அதனால நான் நல்ல வார்த்தையா நாலு பொறுக்கினு போகணும், பொய் சொல்லக்கூட ரெடி, ஆனா பொய் சொன்னா என் குரல் மாறிடும், கண்ணு போனதுல இருந்து அந்த மனுசனுக்குக் காது கத்தி மாதிரி ஆயிடுச்சி.

முகத்துக்கு மாஸ்க்கு, தலைக்கு துப்பட்டா, யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனா வந்த அவசரத்துல தப்பான பக்கம் உக்காந்துட்டேன். கேலரி நடுவுல ஒரு ஜாயின்ட் இருக்கு, ரெண்டு துண்டா அடிச்சி இங்க கொண்டாந்து ஒட்டின இடம், வெல்டு தழும்பு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓடும். அந்தத் தழும்புக்கு இடது கைப் பக்கம் சேர்மன் பக்கம், அதாவது கிளப் சேர்மனா இருந்த எங்க நைனா பக்கம், வலது கைப் பக்கம் எதிர்ப் பக்கம். யாரும் போர்டு எழுதி வெக்கலை, கரை ஸ்போர்ட்டிங் கிளப் ரெண்டாப் பிரிஞ்ச அன்னைலேர்ந்து அப்படித்தான். அந்தச் சண்டையப்போ பொறக்காத பசங்ககூட அப்பன் உக்காந்த பக்கம்தான் உக்காருது. சுண்டல்காரர்கூட ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா ஒரு நடை நடக்கறாரு. நான் பாட்டுக்கு இடம் இருக்கேன்னு வலது பக்கம் போயி, அதுவும் யாரு பின்னாடி, மாசிலாமணி மாமா பின்னாடி. எங்க நைனாவை இந்த ஊர்லயே அதிகமா திட்டின வாய் அதுதான். ஹார்பர்ல கிரேன் ஓட்டின ஆளு, அந்த சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகினது, இப்ப பக்கத்துல இருக்கறவன்கிட்ட பேசினாலும் கப்பல்ல இருக்கறவனுக்குக் கேக்கும். தழும்புக்கு அந்தாண்ட, கை நீட்டினா தொடற தூரத்துல ஆரோக்கியம் சார், வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர், சேர்மன் பக்கத்துக்கே சேர்மன் மாதிரி. பேசிக்க மாட்டாங்க, ஆனா பக்கத்துல பக்கத்துலதான் உக்காருவாங்க, திட்டறதுக்கு வசதியா.

பந்து நம்ம பசங்க காலுக்கு வந்தது, போனது. பஸ் டிப்போ டீம் வெள்ளை ஜெர்சில பளிச்சுனு ஓடுது, நம்ம பசங்க பழையபடி பச்சை. மாமா ஆரம்பிச்சிட்டாரு. 'தோ பாரு, பச்சை. பச்சைன்னா கரை, கரைன்னா பச்சை. இத்தப் போயி மாத்துனான் பாரு சேர்மன்னு ஒருத்தன், அவனை நிக்க வெச்சி தோலை உரிக்கணும்.' வந்துடுச்சா. உக்காந்து மூச்சு விடலை, வந்துடுச்சி. ஆரோக்கியம் சார் திரும்பாமலே, 'ஜெர்சி ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும் சில பேருக்கு'ன்னாரு. 'ஆமா சார், தெரியும், நல்லாத் தெரியும். ஐப்பசி மாசம், அடை மழை, கிரவுண்டு பூரா சேறு, அன்னைக்குப் போயி வெள்ளை ஜெர்சி. ஏன் சார், மூளை இருக்கறவன் செய்யற வேலையா அது? ஹாஃப் டைமுக்குள்ள நம்ம பையனும் காக்கியா ஆயிட்டான், எதிர் டீம் பையனும் காக்கியா ஆயிட்டான். எவன் எவன்னே தெரியலை. நம்ம சுகுமாரு, தங்கமான ஃபுல் பேக்கு, அழகா பந்தை எடுத்து எவனுக்குக் குடுத்தான்? எதிர் டீம் சென்டர் ஃபார்வர்டுக்குக் குடுத்தான். கோலு. மேல டிவிசனுக்குப் போயிருக்க வேண்டிய கிளப்பு, சேத்துல போச்சி.' எனக்கு சிரிப்பு வருது, ஐயோ, எங்க நைனாவைத் திட்டறான், எனக்கு சிரிப்பு வருது. நானும் அன்னைக்கு இங்கதான் குடை பிடிச்சினு நின்னேன், சுகுமார் பந்தைக் குடுத்துட்டு சந்தோசமா கையைத் தூக்கினது இன்னும் கண்ணுல நிக்குது, நல்லா பாஸ் பண்ணிட்டேன்னு நினைச்சான் பாவம். மறுநாள் காலைல எங்க வீட்டு கேட்டுல பதினோரு ஜெர்சி, சேத்தோட, வரிசையா மாட்டி வெச்சிருந்தானுங்க, தலையில்லாத ஆளுங்க கம்பியைப் பிடிச்சி நிக்கற மாதிரி. எங்கம்மா ஒப்பாரி வெக்காத குறை. நைனா ஒவ்வொண்ணா எடுத்து, பைப்படில உக்காந்து, சோப்பு போட்டுத் துவைச்சாரு, மொட்டை மாடில காய வெச்சாரு, மடிச்சி கிளப்புக்குக் குடுத்து அனுப்பிட்டாரு. சேர்மன் பதவி ராஜினாமாவையும் அதுகூடவே வாய் வார்த்தையா சொல்லி அனுப்பிட்டாரு. ஏன் மாத்துனீங்கன்னு அம்மா கேட்டா, நான் கேட்டேன், கிளப்புல கூட்டம் போட்டுக் கேட்டாங்க. 'தோணுச்சி, மாத்துனேன்'ன்னாரு. அது என்னா பதில்? விளம்பரம் குடுத்தவன் கேட்டான்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. எவனும் விளம்பரமும் குடுக்கலை ஒண்ணும் குடுக்கலை, துணி எங்க கடன்ல வாங்கினது. நானே அதைச் சொல்லி அவர்கிட்ட சண்டை போட்டிருக்கேன், பதிலு சொல்லுங்க நைனா, உங்க மேல சேறு பூசறானுங்களேன்னு. ம்ஹூம். இன்னைக்கும் எனக்கு அது முள்ளாட்டம் குத்தினே இருக்கு.

கீழ ஒரு ஃபவுல், ரெஃப்ரி ஊதலை, ரெண்டு பக்கமும் சேந்து ஒரே குரலா கத்தினாங்க, அந்த ஒரு விசயத்துல கரைக்காரங்க ஒத்துமை. கத்தி முடிச்சிட்டு மறுபடி பிரிஞ்சிக்கிட்டாங்க. 'நீ உக்காந்து கத்தறியே இந்த கிரவுண்டு, இது யாரால இருக்கு?'ன்னாரு ஆரோக்கியம் சார், இப்ப நேரா மாமா பக்கம் திரும்பி. 'வீடு கட்டப் போறேன்னு மணல் லாரி வந்து நின்னப்ப நீ எங்க இருந்தே?' 'இங்கதான்யா இருந்தேன்! ரைட் அவுட் ஆடினேன்!' 'ஆடச் சொன்னது யாரு? சேர்மன்!' லாரி மண்ணைக் கொட்டணும்னா கிரவுண்டு காலியா இருக்கணும், காலியா விட்டாதானே, மேட்ச் நடக்குதுப்பா, முடிஞ்சதும் கொட்டுங்கன்னு சொன்னாரு நைனா. மேட்ச்சை முடிக்கவே இல்லை. ஒரு செட்டு களைச்சா இன்னொரு செட்டு, ஸ்கோரு நூறைத் தாண்டி எண்றதையே விட்டுட்டாங்க, ஆம்பளைங்க வேலைக்குப் போன பகல்ல பொம்பளைங்க எறங்கினோம், எங்கம்மா புடவையைத் தூக்கிச் சொருகினு கோலுக்கு நின்னா, வந்த பந்தையெல்லாம் கொழந்தையைப் பிடிக்கிற மாதிரி மாரோட அணைச்சிப் பிடிச்சா, போலீஸ்காரர் ஒருத்தர் கை தட்டினாரு. லாரிக்காரன் டீ குடிச்சே சலிச்சிப் போயி வண்டியைத் திருப்பினான். அப்பறம் கேஸு, கோர்ட்டு, அதெல்லாம் வருசக்கணக்கா. ஆனா எனக்கு அந்த விசில் சத்தம்தான் ஞாபகம். நைனாதான் ரெஃப்ரி, முடிவு விசிலை மட்டும் ஊதாத ரெஃப்ரி. இதைச் சொல்லலாம் அவருகிட்ட. ஆரோக்கியம் சார் மணல் லாரியைப் பத்திப் பேசினாருன்னு சொல்லலாம். அது பொய்யில்லை. மாசிலா மாமாவை விட்டுடலாம். ஆனா உள்ள கூட்டியாந்தா மாசிலா மாமா இருப்பாரே, அந்த வாயை எந்தப் பூட்டு போட்டுப் பூட்டறது, கேட்டுகிட்ட வரும்போதே 'வந்துட்டான்யா வெள்ளைச் சட்டை'ன்னு ஒரு குரல் வந்தா நைனா அப்படியே நின்னுடுவாரு, என் கையை இறுக்கிப் பிடிப்பாரு, திரும்பலாம் குணான்னுவாரு. அப்பறம் சுவரு.

அப்பதான் என் பக்கத்துல உக்காந்து செல்லை நோண்டினு இருந்த ஒரு தாடிக்காரத் தம்பி, பைக் கம்பெனி டீ சர்ட்டு, தலையைத் தூக்கி, 'அண்ணே, அது யாரு சேர்மன் சேர்மன்னு வந்ததுல இருந்து பேசறீங்க?'ன்னு கேட்டான். சாமி சத்தியமா, அது வரைக்கும் வந்த திட்டு எல்லாத்தையும் விட இதுதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சி. யாரு சேர்மன். நான் பயந்தது திட்டுக்குன்னு நினைச்சேன், இல்லை, இதுக்குத்தான். அவரும் இதுக்குத்தான் பயப்படறாரு, ஆட்டோவுல. திட்டினா திரும்பிடலாம்னு வாய் சொல்லுது, ஒருத்தனும் பேரையே எடுக்கலைன்னு நான் போயி சொன்னா அந்த மனுசன் எங்க திரும்புவாரு? அவன் உக்காந்திருக்கற தகடு, கீழ நிக்கற கோல் போஸ்ட்டு, ரெண்டும் அவரு அடிச்சது, அவன் பேண்ட்டுல ஒட்டற துருகூட அவரோடது, யாருன்னு கேக்கறான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாசிலா மாமா மொத்தமா திரும்பிட்டாரு. 'யாருன்னா கேட்டே? டேய், தனகோட்டிடா! சேர்மன் தனகோட்டி! நீ எந்த ஏரியா?' ஆரோக்கியம் சார் அந்தப் பக்கத்துல இருந்து தழும்பு மேலயே ஒரு காலை வெச்சி எட்டி வந்துட்டாரு. 'தம்பி, கேட்டுக்கோ, இந்த கிரவுண்டு...' 'சார், நீங்க இருங்க, நான் சொல்றேன், லாரி நின்ன எடத்தை நான்தான் கரெக்டா காட்டுவேன். தோ அந்தப் பூவரசு மரம் தெரியுதா, அங்க...' 'மரத்துக்கு இந்தாண்டய்யா.' 'அந்தாண்ட சார்! நான் ஆடினேன், நீங்க ஸ்கூல்ல இருந்தீங்க!' மாமா சொல்றாரு, எங்க நைனா எப்படி லாரி முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தாருன்னு, ஸ்டூலு எனக்கே மறந்து போச்சி, எப்படி மழையில நனைஞ்ச பசங்களுக்கு பட்டறையில இருந்து தார்ப்பாய் எடுத்தாந்து பிடிச்சாருன்னு. கையை ஆட்டி ஆட்டிச் சொல்றாரு, கண்ணு மின்னுது. ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் போட்டி போட்டுச் சொல்லிட்டு, கடைசில மாமா ஒரு மூச்சு விட்டு, 'அப்பேர்ப்பட்ட ஆளு கடைசில வெள்ளை ஜெர்சி குடுத்து எங்களை நாசம் பண்ணிட்டான்'ன்னு முடிச்சாரு. ஆரோக்கியம் சார்கூட தலையை ஆட்டிட்டாரு. 'அது ஒண்ணுதான் எனக்கும் விளங்கலை'ன்னாரு. அந்தத் தம்பி, 'சூப்பர் ஆளா இருப்பாரு போல, இப்ப எங்க இருக்காரு?'ன்னான். 'பொண்ணு வீட்டோட அம்பத்தூர்ல கீறதா சொன்னாங்க'ன்னாரு மாமா, முதல் தடவையா சின்னக் குரல்ல. 'வந்தான்னா கேக்கணும், ஏன்டா பண்ணேன்னு. கேட்டாத்தான் என் கட்டை வேகும்.'

வெயில் சாஞ்சிடுச்சி. கால்வாய்ப் பக்கத்துல இருந்து நேரா கண்ணுல அடிக்குது. கையை நெத்தில வெச்சிப் பாக்கறேன், கண்ணு கூசித் தண்ணி வருது, மழைக்கு அப்பறம் மொளைச்ச புல்லு ஒரே பச்சை, பின்னாடி பூவரசு வரிசை பச்சை, காம்பவுண்டு சுவத்துல பாசி, அது முன்னாடி நம்ம பசங்க, எங்க நம்ம பசங்க, காணோம், கலங்கின கண்ணுக்கு டிப்போ டீம் மட்டும்தான் தெரியுது, பதினோரு வெள்ளைப் புள்ளி ஓடுது, யாரோட ஆடுதுன்னே தெரியலை, பந்து தானா நகருது. நான் கண்ணைத் துடைக்கலை. கை அப்படியே நின்னு போச்சி. அன்னைக்கு வீட்டுக் கூடத்துல தையல் மிசின், ஜெர்சிக்கு நம்பர் தைச்சது நான்தான், பச்சைத் துணியில மஞ்ச நம்பர், நைனா ஒண்ணைக் கையில தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சி, 'இதுல நம்பர் தைச்சிட்டியா?'ன்னாரு, 'ஏழு நைனா, இம்மாம் பெரிசு, கண்ணாடி போட்டுப் பாருங்க'ன்னு நான் கிண்டல் பண்ணேன். அவரு சிரிக்கலை. ரெண்டு நாள் கழிச்சி வெள்ளைத் துணி வாங்கினு வந்தாரு. 'இதுல கருப்பா தைச்சிப் பாரு.' தைச்சேன். கையை நீட்டித் தூரமா பிடிச்சாரு, அந்தச் சந்தோசம், கொழந்தை முகம், 'எட்டு! இது எட்டு!'ன்னாரு. அடக் கடவுளே. விளம்பரமாவது, தோணுச்சாவது. பசங்களைப் பாக்கறதுக்கு. பசங்க அவரு கண்ணுல இருந்து ஒவ்வொருத்தனா காணாம போயிட்டே இருந்திருக்கானுங்க, யாருகிட்டயும் சொல்லாம, தேடிப் பிடிச்சி வெள்ளைச் சட்டை மாட்டி விட்டிருக்காரு. மழை வரும்னு யோசிக்கலை. யோசிச்சிருந்தாலும் மாட்டியிருப்பாரு.

நான் எழுந்து படியெல்லாம் தடதடன்னு எறங்கி வெளிய ஓடினேன், செருப்பு ஒண்ணு கழண்டுது, கையில எடுத்துக்கிட்டேன். ஆட்டோவுல அதே மாதிரி கம்பியைப் பிடிச்சினு இருந்தாரு. 'இன்னா சொல்றாங்க?' பொய் எல்லாம் தொண்டையிலயே கரைஞ்சிடுச்சி. 'திட்டறாங்க நைனா.' 'ம்.' காதை என் பக்கம் திருப்பினாரு. 'எல்லாருமா?' 'பாதிப் பேரு. மீதிப் பாதி அவங்களைத் திட்டறாங்க, உங்களுக்காக.' 'இன்னுமா?' 'இன்னும்தான். கேலரியே ரெண்டா கிடக்கு.' அவரு முகத்துல ஏதோ ஒண்ணு அசைஞ்சிது. 'யாரு ரொம்ப?' 'மாசிலா மாமா.' 'அவன் இருக்கானா! குரல் எப்படி கீது?' 'ஹார்பர் வரைக்கும் கேக்குது.' நைனா சிரிச்சாரு. டாக்டர் சொன்னதுல இருந்து இல்லை, அம்மா போனதுல இருந்தே அப்படி சிரிச்சி நான் பாக்கலை. 'கையைக் குடு, எறங்கறேன்'ன்னாரு.

என் கையைப் பிடிச்சினு கேட்டுக்குள்ள வந்தாரு. படி எண்ணி ஏறினாரு, அவரு வெச்ச படி, கால் தடுமாறவே இல்லை. தழும்புகிட்ட வந்ததும் சேர்மன் பக்கத்துல ரெண்டு பேரு எழுந்து இடம் விட்டாங்க, ஆரோக்கியம் சார் கையைப் பிடிக்க வந்தாரு. நைனா நின்னு, காதைச் சாச்சி, 'மாசிலா எந்தப் பக்கம்?'ன்னாரு. மாமா அப்படியே பாத்தாரு, என்னைப் பாத்தாரு, நான் மாஸ்க்கைக் கழட்டினேன். 'இங்கதான்யா கீறேன்'ன்னாரு, குரல் கரகரன்னு. நைனா எதிர்ப் பக்கம் போயி அவரு பக்கத்துல உக்காந்தாரு, 'யப்பா, சுடுதுய்யா'ன்னாரு, 'சுடும், எவன் கட்டினான்'னு மாமா தன் பேப்பர்ல பாதியைக் கிழிச்சிக் குடுத்தாரு. மாமாவால எவ்ளோ நேரம் தாங்க முடியும். 'ஏன்யா மாத்துனே?' நைனா சும்மா கிரவுண்டைப் பாத்தே சொன்னாரு, 'எனக்குப் பச்சை தெரியலைடா. அப்பவே போச்சி. இப்பவும் தோ, டிப்போக்காரன் மட்டும்தான் ஓடறான், நம்ம பசங்க ஒருத்தனும் தெரியலை.' ஆரோக்கியம் சார் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. 'இத்த அன்னைக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?'ன்னாரு மாமா. 'கண்ணு தெரியாதவன் எப்படிய்யா கிளப் நடத்துவான்?' 'ரெஃப்ரிக்கே இங்க கண்ணு தெரியாது, அவன் மேட்ச் நடத்தலை?'ன்னு மாமா கத்தினாரு, துண்டால மூக்கை சிந்திக்கிட்டாரு. அப்பறம் நைனா தோள் மேல கையைப் போட்டு, 'சரி வுடு. டிப்போக்காரன் தெரியறான் இல்ல? அவனுங்க இல்லாத எடம் பூரா நம்ம பசங்கதான்னு வெச்சிக்கோ'ன்னாரு.

நைனா முன்னாடி சாஞ்சி பாத்தாரு. ரொம்ப நேரம் அசையாம பாத்தாரு. எனக்கு அவரு கழுத்து நரம்பு மட்டும் தெரிஞ்சிது. திடீர்னு கையை நீட்டி, 'லெஃப்ட்டு! மாசிலா, லெஃப்ட்டு காலியா கீதுடா, அங்க ஒரு வெள்ளைகூட இல்லை, அங்க போடச் சொல்லு!'ன்னாரு. மாமா எழுந்து நின்னு, ஹார்பரே அதிர்ற மாதிரி, 'டேய், லெஃப்ட்ல போடுடா!'ன்னு ஒரு சத்தம். கீழ நம்ம பையன் திரும்பிப் பாத்தான், போட்டான். காலி எடத்துக்கு ஒரு பச்சை ஓடி வந்து எடுத்துச்சி, கேலரி பூரா எழுந்துடுச்சி, ரெண்டு பக்கமும், தழும்பு எங்க இருக்குன்னே தெரியலை, அந்தப் பையன் உள்ள வெட்டி விட்டான் பாரு ஒரு அடி. டங்னு ஒரு சத்தம். எல்லாரும் தலையில கை வெச்சாங்க. 'போஸ்ட்டா?'ன்னாரு நைனா. 'போஸ்ட்டுதான். நீ அடிச்ச போஸ்ட்டு'ன்னாரு மாசிலா மாமா, ஆத்திரம் தாங்காம. 'நாலு இஞ்சு தள்ளி அடிச்சிருக்கக் கூடாதா? அடுத்த வாரம் வந்து தள்ளி வெச்சிட்டுப் போ.'